பதினேழாம் தேதி லேபிள்

ஜூன் 4

அன்புள்ள வாண்டுக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். உன் சுகத்தை வண்டிக்காரரிடம் கேட்டால், "சிஸ்டர் நல்லாத்தான் இருக்காங்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வருவதில்லை. அதனால் நீயே எழுது. ஏப்ரல் மழையில் சாய்ந்த டவரை உங்கள் மலையில் இன்னும் நிமிர்த்தவில்லையாமே. ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று. போனில் நீ பேசுவாய், நான் கேட்பேன். கடிதத்தில் என் முறையும் வருகிறது.

நாற்பத்தொரு வயதில் ஒரு மருத்துவ நிலையத்தையே தனியாகக் கட்டி மேய்க்கிற நர்ஸை இன்னும் வாண்டு என்று கூப்பிடலாமா என்று உன் அண்ணனிடம் கேட்டேன். "அவ ரிட்டயர் ஆகட்டும், அப்புறம் யோசிக்கலாம்" என்கிறார்.

கடிதத்தை எங்கே வைத்திருக்கிறேன் பார்த்தாயா? தடுப்பூசிப் பெட்டியின் மூடி உறையில், வெப்பநிலைச் சீட்டுக்குப் பக்கத்தில். எங்கள் குளிர்க்கிடங்கிலிருந்து பதினைந்து நாளைக்கு ஒரு தடவை உனக்கு வண்டி வரும். கூடவே நானும் வருவேன். எடுக்கும்போது காகிதம் சில்லென்று இருக்கும். அண்ணிக்குப் பாசம் குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

இந்தத் தடவை சிவப்பு மூடிக் குப்பிகள் மட்டும்தான். ஊதா மூடி போட்ட இன்னொரு கம்பெனி ஊசி அடுத்த தடவை வரும். வேளைக்குச் சாப்பிடு. கீழே உன் அண்ணனுக்கு இரண்டு விரல் இடம் விட்டிருக்கிறேன். வழக்கம்போல ஒரு வரியும் ஒரு எலியும் போடுவார்.

அன்புடன்,
அண்ணி

வாண்டு, மலையில் கரடி வந்தால் அதையும் வரிசையில் நிற்கச் சொல்லி ஒரு டோஸ் போட்டுவிடு. அண்ணன்.


ஜூன் 5

அன்புள்ள அண்ணிக்கு,

சுகமாக இருக்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன். இரண்டும் சொல்லியாகிவிட்டது, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எலி பத்திரமாக வந்து சேர்ந்தது. நான் ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது என் சிலேட்டில் போட்ட அதே எலி, வாலாலேயே அவன் எழுதிய வரிக்கு அடிக்கோடு போட்டுக்கொண்டு நிற்கிறது. வெட்டி எடுத்து மருந்து அலமாரிக் கதவில் ஒட்டிவிட்டேன். அச்சகத்தில் நாள் முழுக்க புரூஃப் பார்க்கிறவனுக்கு இதற்கும் நேரம் இருக்கிறதே.

இங்கே எனக்கு ஒரு தலைவலி முளைத்திருக்கிறது. ரேடியோ ரிப்பேர் கடைக்காரர். ஊரில் பாதிப் பேர் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஊதா மூடி ஊசியைப் புகை வருகிற பெட்டியிலிருந்து தடித்த கையுறை போட்டு எடுக்கிற படத்தைப் பேப்பரில் பார்த்துக் கத்தரித்து வைத்திருக்கிறார். இன்று காலை, வரிசையில் நிற்கிறவர்கள் முன்னால் அதை என்னிடம் நீட்டினார்.

"சிஸ்டர், இது மைனஸ் எழுபதுல இருக்கணும்னு போட்டிருக்கு. செவப்பு மூடிக்கு மைனஸ் இருபது போதுமாம். ரெண்டும் ஒரே வகை மருந்துன்னு நீங்க சொல்றீங்க. அப்ப ஒண்ணுக்கு மட்டும் ஏன் இவ்ளோ குளிரு? நம்ம ஊருக்கு வர்றப்ப அது சாதா ஃப்ரிட்ஜ்ல வேற வருது. கெட்டுப்போனத நம்ம தலையில கட்டுறாங்களா?"

"கெட்டுப்போகல" என்றேன்.

"எப்படித் தெரியும்?"

அண்ணி, எப்படித் தெரியும் என்று எனக்கே தெரியவில்லை. லேபிளில் போட்டிருக்கிறது, அதனால் தெரியும். இதைச் சொன்னால் அந்த மனுஷர் சிரிப்பார். அவருக்குச் சொல்கிற மாதிரி எனக்கு எழுதுங்கள். மேல் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் நாற்பத்தொரு பேரில் ஒருவர்கூட இன்னும் ஊசி போட்டுக்கொள்ளவில்லை. இவர் சரி என்றால் அவர்களும் இறங்கி வருவார்கள்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்
(வாண்டு என்று நானே கையெழுத்துப் போடுவேன் என்று எதிர்பார்க்க வேண்டாம்.)


ஜூன் 18

அன்புள்ள வாண்டுக்கு,

இங்கே சுகம். நீயும் சுகமாக இருப்பாய்.

உன் ரேடியோக்காரர் கேட்டது நல்ல கேள்வி. அவரைத் தலைவலி என்று சொல்லாதே. இரண்டு ஊசியிலும் இருப்பது எம்.ஆர்.என்.ஏ. அதை ஒரு கடிதம் என்று வைத்துக்கொள். "இந்தக் கிருமியின் மேல்பாகம் இப்படி இருக்கும், ஒன்று செய்து பார்த்து அடையாளம் தெரிந்துகொள்" என்று உடம்புக்கு எழுதின கடிதம். படித்ததும் கிழித்துப் போட வேண்டியது. நம் உடம்பே இந்த மாதிரிக் கடிதங்களை ஓயாமல் எழுதி ஓயாமல் கிழிக்கிறது. கிழிக்கிற நொதி எங்கும் இருக்கிறது, நம் விரல் நுனியில்கூட. நொதி இல்லாவிட்டாலும் தண்ணீரே அதை மெல்ல மெல்ல அறுத்துவிடும். சூடு ஏற ஏற வேகமாக அறுக்கும், குளிர் ஏற ஏற மெதுவாகும். குளிர்பெட்டி அதற்காகத்தான்.

வெறும் கடிதத்தை அனுப்பினால் வழியிலேயே கந்தலாகிவிடும் என்று கண்ணுக்குத் தெரியாத கொழுப்பு உருண்டைக்குள் வைத்து அனுப்புகிறார்கள். அந்த உருண்டையும் லேசுப்பட்டதல்ல. உறையும்போது ஒன்றோடொன்று ஒட்டப் பார்க்கும். உருகினதை மறுபடி உறைய வைத்தால் உடைந்துவிடும். அதைக் காப்பாற்றச் சர்க்கரை, சில உப்புகள் எல்லாம் சேர்க்கிறார்கள். இங்கேதான் இரண்டு கம்பெனிக்கும் கைப்பக்குவம் மாறுகிறது. கொழுப்பு வேறு, உப்பு வேறு. ஊதா மூடியில் போட்ட உப்பு, உறைகிற நேரத்தில் திரவத்தின் புளிப்பை மாற்றிவிடுகிற ரகம் என்கிறார்கள். சிவப்பில் அந்தத் தொல்லை குறைவாம். முழு விவரத்தை யாரும் வெளியில் சொல்வதில்லை.

ஆனால் இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு, அதை அவரிடம் அழுத்திச் சொல். லேபிள் மருந்தின் குணத்தை மட்டும் சொல்வதில்லை. லேபிள் எழுதின நாள்வரை எதை எதைச் சோதித்துப் பார்த்தார்கள் என்பதையும் சொல்கிறது. அவசரத்தில் வந்த மருந்துகள் இவை. ஒருவர் கையில் மைனஸ் எழுபதில் வைத்துப் பார்த்த கணக்கு இருந்தது, இன்னொருவர் கையில் மைனஸ் இருபதின் கணக்கும் இருந்தது. அவரவர் நிரூபிக்க முடிந்ததை எழுதினார்கள். ஊதா மூடி சாதா ஃப்ரிட்ஜில் ஐந்து நாள்தான் தாங்கும் என்று முதலில் சொன்னார்கள். பிறகு வைத்துப் பார்த்துவிட்டு முப்பத்தொரு நாள் என்றார்கள். மருந்து மாறவில்லை, தெரிந்தது மாறியது.

ஆக, உனக்கு வருவது கெட்டுப்போனது இல்லை. மைனஸ் எழுபதிலிருந்து எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்த அன்றிலிருந்து அதற்கு முப்பத்தொரு நாள். எடுத்த தேதியை நான் என் கையால் லேபிளில் எழுதுகிறேன். கண்ணால் பார்த்து ஒரு குப்பி பழசா புதுசா என்று சொல்ல முடியாது. அந்தத் தேதி ஒன்றுதான் சாட்சி. அதை நம்பலாம் என்று சொல்.

பெட்டியில் இருபது குப்பி ஊதா மூடி வைத்திருக்கிறேன். லேபிள் ஜூன் 17. ஜூலை 18 வரை போடலாம்.

வேறு விசேஷம் இல்லை.

அண்ணி

வாண்டு, நான் சுகம். நீ உடம்பைப் பார்த்துக்கொள். அண்ணன்.


ஜூன் 19

அன்புள்ள அண்ணிக்கு,

சுகம், சுகம். உங்கள் கடிதத்தை அப்படியே ரேடியோக்காரர் கடைக்கு எடுத்துக்கொண்டு போய்ப் படித்துக் காட்டினேன். ஒரு மிக்ஸியின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். "மருந்து மாறல, தெரிஞ்சது மாறிச்சு" என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

"அப்ப எல்லாம் அந்தத் தேதியில இருக்கு. அத எழுதுறவங்க ஒழுங்கா எழுதணும்" என்றார்.

"எழுதுறது எங்க அண்ணி."

"அப்பச் சரி" என்று திருப்புளியை எடுத்துக்கொண்டார்.

எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? தோட்டத்து ஆட்களுக்கு ஜூலை நடுவில்தான் வேலை ஓயும். அவர்களுக்காக ஏழு குப்பியைத் தொடாமல் வைக்கப்போகிறேன். குப்பிக்கு ஆறு டோஸ், நாற்பத்திரண்டு. நாற்பத்தொருவருக்குப் போக மிச்சம் ஒன்று, அது ரேடியோக்காரருக்கு. பதினாறு, பதினேழு, பதினெட்டு மூன்று நாளில் முடித்துவிடுவேன். கடைசி நாள்வரை பொத்திப் பொத்தி வைக்கிறேன் பாருங்கள், உங்கள் நாத்தனார் சிக்கனக்காரி.

அண்ணனுக்கு என் மேல் ஏதாவது கோபமா? "உடம்பைப் பார்த்துக்கொள்" என்று அவன் ஜென்மத்தில் எனக்கு எழுதினதில்லை. எலியும் திரும்பி நிற்கிறது. அலமாரிக் கதவில் இருப்பது வலப்பக்கம் பார்க்கிறது, இது இடப்பக்கம் பார்க்கிறது. இடது கைக்காரன் போடுகிற எலி வலப்பக்கம்தான் பார்க்கும் என்று அப்பா சொல்வார். என்ன ஆச்சு என்று அவனையே எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
நாத்தனார்


ஜூலை 17

அன்புள்ள அண்ணிக்கு,

நான் சுகம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன். ஜூலை இரண்டாம் தேதிப் பெட்டியில் "வேலை. பிறகு எழுதுகிறேன்" என்று ஒரு துண்டுச் சீட்டு. நேற்று அதுவும் இல்லை. உறைக்குள் கையை விட்டுத் துழாவிப் பார்த்தேன். வண்டிக்காரரைக் கேட்டால், "அம்மா பிஸிங்க" என்று வேறு பக்கம் பார்க்கிறார். அவருக்குப் பொய் சொல்ல வராது என்று நினைக்கிறேன்.

நல்ல சேதி சொல்கிறேன். தோட்டத்து ஆட்கள் இறங்கி வந்துவிட்டார்கள். நேற்று பன்னிரண்டு பேர், இன்று பதினெட்டு. நாளை மீதிப் பதினொரு பேர், கடைசியாக ரேடியோக்காரர். பதினேழிலிருந்து முப்பத்தொரு நாள் என்று விரல் விட்டு எண்ணி வைத்து, சரியாகக் கடைசி நாளில் கடைசிக் குப்பியை முடிக்கிறேன். ஒரு சொட்டு வீணில்லை.

இரண்டு வரி போதும், எழுதுங்கள்.

அன்புடன்,
நாத்தனார்


ஜூலை 31

அண்ணிக்கு,

சுகம் விசாரிக்க இப்போது கை வரவில்லை.

நேற்று வந்த பெட்டியில் கடிதம் இல்லை. அதற்குப் பதில் உங்கள் கிடங்கின் ஃப்ரீசர் ரிஜிஸ்டரின் நகல் ஒரு பக்கம் மடித்து வைக்கப்பட்டிருந்தது. இதுவரை எனக்கு அதை யாரும் அனுப்பினதில்லை. அதில் ஊதா மூடி, இருபது குப்பி, மைனஸ் எழுபதிலிருந்து எடுத்தது ஜூன் 14, காலை 11.10 என்று இருக்கிறது. கையெழுத்து உங்களுடையது. குப்பிகளின் லேபிளில் ஜூன் 17. அதுவும் உங்கள் கையெழுத்துதான்.

பதினாலு என்றால் அந்த மருந்தின் நாள் ஜூலை 15-ஓடு முடிந்துவிட்டது. நான் நாற்பத்திரண்டு பேருக்கும் போட்டது அதற்குப் பிறகு. எது சரியான தேதி?

இது மேலே போக வேண்டிய விஷயம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் பதில் வந்தாலும் வராவிட்டாலும் ஐந்தாம் தேதி நான் அதிகாரிக்கு எழுதுவேன். வண்டிக்குக் காத்திருக்க வேண்டாம். காய்கறி லாரி திங்கட்கிழமை மேலே வருகிறது, ஐந்தாம் தேதி இறங்குகிறது.

பொறுப்பு நர்ஸ்


ஆகஸ்ட் 3

அன்புள்ள வாண்டுக்கு,

பதினாலுதான் சரி.

ரிஜிஸ்டரை வைத்தது நான்தான். உன் பதினேழாம் தேதிக் கடிதத்தை மறுநாள் மத்தியானம் படித்தேன். "பதினேழிலிருந்து முப்பத்தொரு நாள்" என்று நீ எண்ணியிருந்ததைப் பார்த்ததும் என்னவோ உறுத்தியது. எழுந்து போய் ரிஜிஸ்டரைப் பிரித்தேன். அந்த நேரத்தில் நீ ரேடியோக்காரருக்குப் போட்டு முடித்திருப்பாய். பிறகு பன்னிரண்டு நாள் உனக்கு எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். எழுத வரவில்லை. நகலை எடுத்து உறையில் போட்டேன். நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று தெரியும். அது கோழைத்தனம் என்றும் தெரியும்.

எப்படி நடந்தது என்று சொல்கிறேன். ஜூன் 14 காலை குப்பித் தட்டை மைனஸ் எழுபதிலிருந்து எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்தேன். ரிஜிஸ்டர் ஃப்ரீசர் கதவிலேயே தொங்கும், அதில் எழுதினேன். லேபிள் மட்டும் மேஜைக்கு வந்துதான் எழுத வேண்டும். மேஜைக்கு வருவதற்குள் அச்சகத்திலிருந்து போன். உன் அண்ணன் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்த நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டார் என்றார்கள். கையுறையோடு ஓடினேன். மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு. இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது.

உயிருக்கு இப்போது பயமில்லை. இதை முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும்.

மூன்று நாள் வார்டு வாசலில் இருந்தேன். பதினேழாம் தேதி, உனக்கு அனுப்ப வேண்டிய பெட்டிக்காக இரண்டு மணி நேரம் கிடங்குக்கு வந்தேன். ஃப்ரிட்ஜில் லேபிள் இல்லாத தட்டு. இப்போதுதானே எடுத்து வைத்தோம் என்று கை அன்றைய தேதியை எழுதிவிட்டது. எனக்கு அந்த மூன்று நாளும் ஒரே நாள்தான், வாண்டு. இடையில் ராத்திரி வந்ததா போனதா என்றுகூட நினைவில்லை. பத்தொன்பது வருஷத்தில் ஒரு தேதி தப்பினதில்லை என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அந்த நாற்பத்திரண்டு பேருக்கு அதனால் என்ன ஆகப்போகிறது.

கடிதம், கொழுப்பு உருண்டை என்று அவ்வளவு நீளமாக எழுதினேனே, அதை வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துதான் எழுதினேன். உனக்கு வேறு எதை எழுதினாலும் அழுதிருப்பேன். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அவர்தான் குழறிக் குழறிச் சொன்னார். "அவ எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்துடுவா. அங்க வேற ஆள் இல்ல." அதை நான் சாக்காக வைத்துக்கொண்டேன்.

அவர் பெயரில் வந்த அந்த வரியும் எலியும் நான் போட்டவைதான். நாலு காகிதம் கிழித்தேன். எந்தப் பக்கம் பார்க்கும் என்று இத்தனை வருஷத்தில் கவனித்ததில்லை. லேபிளிலும் பொய் எழுதிவிட்டேன், கடிதத்திலும் பொய் எழுதிவிட்டேன். லேபிள் தெரியாமல் எழுதியது. எலியைத் தெரிந்தே போட்டேன்.

அதிகாரியிடம் நாளை காலை நானே போகிறேன். நீயும் எழுது. இரண்டும் ஒத்துப் போகட்டும்.

அண்ணி


ஆகஸ்ட் 5

அண்ணி,

அதிகாரிக்கு எழுதி லாரியிலேயே கொடுத்துவிட்டேன். பதினாலு, பதினேழு, நாற்பத்திரண்டு பேரின் பெயர் எல்லாம் எழுதினேன். நீங்கள் என் அண்ணி என்பதையும் எழுதினேன். என்ன காரணம் என்பதை மட்டும் எழுதவில்லை. அது நீங்கள் சொல்ல வேண்டியது.

தேதிக்காக உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் அண்ணன் விழுந்து ஐம்பது நாள் ஆகிறது, நான் இங்கே அலமாரிக் கதவில் எலியை ஒட்டிவிட்டு ஊர்க்கதை எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். அதற்குத்தான் கோபம். ஓடி வந்திருப்பேனா? வந்திருப்பேன். வந்துவிட்டு நாலாம் நாள் திரும்பியிருப்பேன். எனக்கும் கொஞ்சம் புத்தி உண்டு என்று நீங்கள் இரண்டு பேரும் நினைக்கவே இல்லை.

இப்போது என்னால் வர முடியாது. நாற்பத்திரண்டு பேரிடம் நான் போக வேண்டும். முடிவு தெரியாமல் போய் என்ன சொல்வது? முதலில் முடிவை வாங்கி அனுப்புங்கள்.

வார்டு வாசலில் உங்களோடு யார் இருந்தார்கள், யாராவது சாப்பாடு கொண்டுவந்தார்களா? அதையும் எழுதுங்கள்.

வாண்டு


ஆகஸ்ட் 13

அன்புள்ள வாண்டுக்கு,

சுகம் என்று எழுதுவதற்கு முன்னால் இனி யோசித்து எழுதுகிறேன். எனக்கு முதுகு வலி, மற்றபடி சுகம். அவர் எழுந்து உட்காருகிறார், பிடித்துக்கொண்டால் பத்தடி நடக்கிறார். பேச்சு புரிகிறது, திட்டுவது இன்னும் தெளிவாகப் புரிகிறது. இடது கை விரல்கள் அசையவில்லை. உன் கடிதங்களைப் படித்துக் காட்டினேன். "என் பொண்டாட்டி எழுதின தேதிய புரூஃப் பாக்க நான் இல்லாமப் போயிட்டேனே" என்றார். சிரிக்கத்தான் சொன்னார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வார்டு வாசலில் நான் தனியாகத்தான் இருந்தேன். இரண்டாம் நாள் வண்டிக்காரர் வந்து ஒரு பொட்டலமும் தண்ணீரும் வைத்துவிட்டுப் போனார்.

முடிவு வந்துவிட்டது. கம்பெனிக்கு எழுதிக் கேட்டார்கள். முப்பத்தொரு நாளுக்கு மேல் சோதித்த கணக்கு தங்களிடம் இல்லை என்று பதில் வந்தது. கெட்டுவிட்டது என்று சொல்லவில்லை, நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை. அதனால் அந்த டோஸைக் கணக்கில் சேர்க்காமல் எல்லாருக்கும் மறுபடி போடச் சொல்கிறார்கள். அதனால் கெடுதல் இல்லை. மறுபடி போடுவதற்கான குப்பிகள் இந்தப் பெட்டியில் இருக்கின்றன.

ஃப்ரீசர் சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். மூன்று மாதம் நான் பெட்டி கட்டுகிற இடத்தில் இருப்பேன். இனி ஃப்ரிட்ஜ் கதவை மூடுவதற்கு முன் லேபிள் எழுத வேண்டும், இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும், ரிஜிஸ்டர் நகல் பெட்டியோடு போக வேண்டும். மூன்றாவது நான் கேட்டது.

அவர்களிடம் போகிறபோது தப்பு என்னுடையது என்று சொல். உன்னுடையதாக ஆக்கிக்கொள்ளாதே.

அண்ணி


ஆகஸ்ட் 28

அன்புள்ள அண்ணிக்கு,

கால் வீங்கியிருக்கிறது, மற்றபடி நிஜமாகவே சுகம். அண்ணன் பத்தடி நடக்கிறான் என்பதை வண்டிக்காரரிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள், இப்போதைக்கு எனக்கு இரண்டு கையெழுத்து வேண்டியிருக்கிறது.

முதலில் ரேடியோக்காரர் கடைக்குத்தான் போனேன். வழியில் என்னென்னவோ ஒத்திகை பார்த்தேன். வாசலில் நின்றதும் எல்லாம் மறந்துவிட்டது.

"உங்களுக்குப் போட்ட ஊசி கணக்குல சேராது. நாள் தாண்டின மருந்து. மறுபடி போடணும்" என்றேன்.

கையில் இருந்த கம்பியைக் கீழே வைத்தார். "தேதி தப்பா?"

"தப்பு."

"எழுதினது உங்க அண்ணிதானே?"

"ஆமா."

"கெட்டுப்போச்சா அது?"

"தெரியாது. மருந்து செஞ்சவங்களுக்கே தெரியாது. அதுக்கு மேல அவங்க சோதிச்சுப் பாக்கல."

நாலு பேர் முன்னால் என்னைக் கிழிக்கப்போகிறார் என்று காத்துக்கொண்டு நின்றேன். "ஏன் தப்பாச்சு?" என்று கேட்டார். சொன்னேன். அச்சகம், போன், கையுறை, மூன்று நாள், எல்லாம். என் வீட்டு விஷயத்தை ஒரு கடை வாசலில் நின்று சொல்வேன் என்று நான் நினைத்ததே இல்லை.

"இப்ப எப்படி இருக்காரு?" என்றார்.

"பத்தடி நடக்கிறாராம்."

கடையைப் பூட்டிவிட்டு என்னோடு மேல் தோட்டத்துக்கு ஏறினார். அங்கே எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தி அவரே பேசினார். "போன மாசம் போட்டது செல்லாது. நல்லாயிருக்கான்னு கேட்டா தெரியாதுங்கறாங்க. தெரியாதத தெரியாதுன்னு ஏறி வந்து சொல்றாங்க. எனக்கு அது போதும். நான் நாளைக்குப் போறேன்."

எல்லாரும் கை தட்டினார்கள் என்று நினைக்காதீர்கள். ஒருத்தர் என்னைப் பார்த்துச் சொன்னதைக் காகிதத்தில் எழுத முடியாது. இரண்டு பெண்கள் இனிமேல் எந்த ஊசியும் வேண்டாம் என்று உள்ளே போய்விட்டார்கள். அவர்கள் வீட்டுக்கு மூன்று தடவை போயிருக்கிறேன், நாலாவது தடவையும் போவேன். ரேடியோக்காரருக்கும் தோட்டத்தில் மற்ற முப்பத்தொன்பது பேருக்கும் போட்டாகிவிட்டது.

தப்பு உங்களுடையது என்று சொன்னேன். ஆனால் என் அண்ணி என்றுதான் சொன்னேன்.

அண்ணனிடம் சொல்லுங்கள், எனக்கு ஒரு எலி பாக்கி.

வாண்டு


செப்டம்பர் 10

அன்புள்ள வாண்டுக்கு,

முதுகு தேவலை. அவர் முப்பதடி நடக்கிறார். இடது கை அப்படியேதான் இருக்கிறது. வரும் என்றும் சொல்லவில்லை, வராது என்றும் சொல்லவில்லை.

அந்த இரண்டு பெண்களிடம் காட்ட, தப்பு என்னுடையது என்று ஒரு கடிதம் வேண்டுமென்றால் சொல், என் கைப்பட எழுதித் தருகிறேன்.

உன் கடிதத்தில் கடை வாசல் வந்த இடத்தை அவர் இரண்டு தடவை படிக்கச் சொன்னார். பிறகு ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. மேஜையில் காகிதமாகக் குப்பை சேர்ந்தது. தினமும் கூட்டி அள்ளினேன்.

கீழே இரண்டு விரல் இடம் விட்டிருக்கிறேன்.

அன்புடன்,
அண்ணி

வாண்டு, புரூஃப் பார்த்தாயிற்று. பிழை இருந்தால் என் பொறுப்பு. அண்ணன்.


செப்டம்பர் 11

அன்புள்ள அண்ணிக்கு, அண்ணனுக்கு,

உறையைப் பிரித்ததும் கடைசி வரியைத்தான் பார்த்தேன். எலி இடப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது. மறுபடியும் நீங்களே போட்டதா என்று நினைத்தேன். கடிதத்தைப் படிக்காமல் மேஜையில் போட்டுவிட்டுக் குப்பிகளை அடுக்கப் போனேன். லேபிளில் இரண்டு கையெழுத்து இருந்தது. ரிஜிஸ்டர் நகலோடு ஒத்துப் பார்த்தேன், தேதி சரியாக இருந்தது.

பிறகு திரும்பி வந்து கடிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். எலியின் ஒரு காது உடம்பை விட்டுத் தனியாகக் கிடக்கிறது. மூக்குப் பக்கம் பேனா அழுந்திக் காகிதம் கிழிந்திருக்கிறது. வால் அடிக்கோடாகப் போகாமல் வரியின் நடுவில் ஏறி "பொறுப்பு" என்ற சொல்லை வெட்டிக்கொண்டு போகிறது. அண்ணி, நீங்கள் போட்டிருந்தால் இதைவிட நன்றாகப் போட்டிருப்பீர்கள்.

வலது கையால் போட்டிருக்கிறான்.

வெளியே வரிசையில் நின்ற ஒரு அம்மா எட்டிப் பார்த்து, "ஏன் சிஸ்டர் அழுறீங்க, ஊசி எங்களுக்குத்தானே?" என்று கேட்டாள்.

மாற்று நர்ஸ் கேட்டிருந்தேன், பத்து நாளைக்குக் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த வண்டி திரும்பும்போது பெட்டிக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்து வருவேன். முப்பதடியை நானே எண்ணிப் பார்க்கிறேன்.

புது எலியைப் பழைய எலிக்கு வலப்பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன.

வாண்டு